பிரியாணிக்குள் ஒரு சிவப்பு வலை

ஞாயிற்றுக்கிழமை. பிரியாணி செய்யலாம் என்று முடிவெடுக்கிறீர்கள். மளிகைக் கடைக்குப் போய், ‘‘பிரியாணி சாமான் ஒரு பாக்கெட் கொடுங்க’’ என்று கேட்டு வாங்கி வருகிறீர்கள். வீட்டுக்கு வந்து தட்டில் கொட்டினால்... பட்டை தெரியும், கிராம்பு தெரியும், ஏலக்காய் தெரியும். பிரிஞ்சி இலை, அன்னாசிப்பூ, கல்பாசி வரைக்கும்கூட அடையாளம் சொல்லிவிடுவீர்கள். கடைசியாக ஒரு ஓரத்தில், காய்ந்துபோன பூவிதழ் மாதிரி, செம்மஞ்சள் நிறத்தில், தொட்டாலே நொறுங்குகிற ஒரு சமாசாரம் கிடக்கும். ‘இது என்னடா?’ என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள்.

அதுதான் ஜாதிபத்திரி!

‘பத்திரி’ என்றால் இலை. ஆனால், இது இலை இல்லை. பூ என்று நினைப்பவர்கள் உண்டு. பூவும் இல்லை. ஜாதிக்காய் மரத்தில், எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய, மஞ்சள் நிறப் பழம் காய்க்கும். பழுத்ததும் அது தானாகவே இரண்டாக வெடிக்கும். உள்ளே பளபளவென்று கரும்பழுப்பு நிறத்தில் ஒரு கொட்டை. அந்தக் கொட்டையைக் கவ்விப் பிடித்தபடி, ரத்தச் சிவப்பில் பின்னல் வலை மாதிரி ஒரு உறை. அந்த உறையை நோகாமல் உரித்துக் காயவைத்தால் ஜாதிபத்திரி. கொட்டையைக் காயவைத்து ஓட்டை உடைத்தால் உள்ளே இருப்பது ஜாதிக்காய். ஒரே பழம், இரண்டு சரக்கு!

அக்கா - தங்கை என்றாலும் குணம் ஒன்றில்லை. ஜாதிக்காய் கொஞ்சம் முரட்டுப் பேர்வழி. ஒரு சிட்டிகை கூடிப்போனால் மருந்து வாடை அடித்துவிடும். ஜாதிபத்திரி நளினமானது. முதலில் லேசான இனிப்பு, பின்னாலேயே மிளகு மாதிரி ஒரு சூடு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் துளி கசப்பு. குழம்பின் நிறத்தையும் கெடுக்காது. அதனால்தான் வெள்ளைக் குருமாவுக்கும், ஐரோப்பியர்களின் பால் சாஸுக்கும், கேக்குக்கும், இறைச்சிப் பதார்த்தங்களுக்கும் இதைத் தேடுகிறார்கள். கரம் மசாலாவிலும் இது ஒரு முக்கியப் புள்ளி. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்... பொடியாக வாங்கி மாதக்கணக்கில் டப்பாவில் வைத்திருந்தால் வாசனை பறந்துவிடும். முழுசாக வாங்கி வைத்து, வாணலியில் லேசாகச் சூடு காட்டி, தேவைப்படும்போது பொடித்துக்கொள்வதே உத்தமம். அதுவும் சிட்டிகைக் கணக்குதான். ஜாதிக்காயோ, பத்திரியோ, அளவு மீறினால் வயிற்றைப் புரட்டும், தலையைக் கிறக்கும்.

சரி, சமையல் குறிப்பு போதும். இந்த மெல்லிசான சிவப்பு வலைக்காக ஒரு தீவுக் கூட்டத்தின் மக்கள் கிட்டத்தட்ட மொத்தமாகவே துடைத்து அழிக்கப்பட்டார்கள் என்றால் நம்புவீர்களா? அந்தக் கதையில் நம் ஊர்க் கைத்தறித் துணிக்கும், நம் ஊர் ஏழைகளுக்கும்கூட ஒரு பங்கு இருக்கிறது.

உலக வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். ஜகார்த்தாவிலிருந்து கிழக்கே 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் விரலை நகர்த்துங்கள். சுலவேசி தாண்டி, பப்புவாவுக்கு முன்னால், நடுக்கடலில் ஊசி குத்தின மாதிரி சில புள்ளிகள். அவைதான் பாண்டா தீவுகள். எல்லாம் சேர்ந்து பத்துப் பதினோரு குட்டித் தீவுகள். அதில் ஒன்று ‘குனுங் ஆப்பி’... நெருப்பு மலை என்று அர்த்தம். நிஜமாகவே எரிமலைதான். 1988-ல்கூட ஒருமுறை வெடித்தது. அந்த எரிமலை மண்ணில், கடல் காற்றில், பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்தது ஜாதிக்காய். அன்றைக்கு உலகச் சந்தைக்கு வந்த ஜாதிக்காய், ஜாதிபத்திரி அத்தனையும் இந்தப் புள்ளிகளிலிருந்து போனதுதான்!

மரம் எதற்காக இவ்வளவு அழகான சிவப்பு உறையைச் செய்கிறது? நமக்கு பிரியாணி வைக்கவா? இல்லை. அது புறாவுக்கு வைத்த விருந்து. அந்தத் தீவுகளில் ஒரு பெரிய காட்டுப் புறா உண்டு. பழம் வெடித்ததும் சிவப்பைப் பார்த்துப் பறந்து வரும். கொட்டையோடு சேர்த்து விழுங்கும். பத்திரி ஜீரணமாகிவிடும். கொட்டை அப்படியே வேறெங்கோ போய் விழும். அங்கே ஒரு புது மரம் முளைக்கும். இந்தப் புறாவை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரும்.

பாண்டாவில் ராஜா கிடையாது. ‘ஓராங் காயா’ என்று அழைக்கப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி நிர்வாகம் பண்ணினார்கள். நெல் விளையாத தீவுகள் அவை. அரிசி வெளியிலிருந்து வரவேண்டும், உடுத்துகிற துணியும் வரவேண்டும். ஜாவாக்காரர், மலாய்க்காரர், அரபு வணிகர் எல்லாரும் வந்தார்கள். அரிசியும் துணியும் கொடுத்தார்கள், பத்திரியும் காயும் வாங்கிப் போனார்கள். அங்கிருந்து சரக்கு மலாக்காவுக்கு வந்தது. மலாக்காவில் தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு இருந்த காலம் அது. அந்த வழியாகத்தான் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. தாம்பூலத்தோடு சேர்க்கும் ஐந்து வாசனைப் பொருள்களைப் ‘பஞ்சவாசம்’ என்று நம் பழைய உரைகள் பட்டியல் போடுகின்றனவே... அதில் ஜாதிக்காயும் ஒன்று!

ஐரோப்பாவுக்குப் போய்ச் சேருவதற்குள் சரக்கு பத்துக் கை மாறும். ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். அங்கே அது பணக்காரர்களின் பண்டம் மட்டுமல்ல, மருந்தும்கூட. பிளேக் வராமல் காக்கும் என்றுகூட நம்பினார்கள். அதிலும் காயைவிடப் பத்திரிக்குத்தான் மவுசு அதிகம். ஒரு பழத்தில் கிடைக்கிற பத்திரியின் எடை ரொம்பக் குறைச்சல் இல்லையா!

1511-ல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தார். பிடித்த கையோடு அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பாண்டாவைத் தேடிக் கப்பல்களை அனுப்பியது. 1512-ல் அவை போய்ச் சேர்ந்தன. மலாக்காவில் இருந்த தொமே பிரெஸ் என்ற போர்ச்சுகீசியர், அங்கே கேட்ட ஒரு பேச்சை எழுதி வைத்திருக்கிறார். கடவுள் சந்தனத்துக்காகத் திமோரையும், கிராம்புக்காக மலுக்குத் தீவுகளையும், ஜாதிபத்திரிக்காகப் பாண்டாவையும் படைத்தார் என்று மலாய் வணிகர்கள் சொல்வார்களாம். கவனியுங்கள்... ஜாதிக்காய்க்காக அல்ல, ஜாதிபத்திரிக்காக!

போர்ச்சுகீசியர்கள் வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். பாண்டாவில் அவர்களால் ஆழமாகக் காலூன்ற முடியவில்லை. வினை வந்தது டச்சுக்காரர்கள் ரூபத்தில். 1599-ல் முதல் டச்சுக் கப்பல்கள் வந்தன. 1602-ல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. வந்தவர்கள் ஓராங் காயாக்களிடம் ஒப்பந்தப் பத்திரங்களை நீட்டினார்கள். ‘இனிமேல் எங்களுக்கு மட்டும்தான் விற்கவேண்டும், நாங்கள் சொல்கிற விலைக்குத்தான் விற்கவேண்டும்’ என்பதுதான் சாரம். சிலர் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் போடவில்லை.

கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் என்ன செய்ய முடியும்? டச்சுக்காரர்கள் கொண்டுவந்த சரக்கில் கம்பளியும் வெல்வெட்டும் இருந்தன. கொதிக்கிற வெயிலில் கம்பளியை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது? வயிற்றுக்கு அரிசி வேண்டும். அரிசி கொண்டுவந்த ஜாவாக்காரருக்குப் பத்திரியை விற்காமல் இருந்தால் பட்டினிதான். எனவே, விற்றார்கள். பாண்டா மக்களைப் பொறுத்தவரை இது பிழைப்பு. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இது துரோகம்! உங்கள் தோட்டத்துக் காயை நீங்கள் விரும்பியவருக்கு விற்றால் துரோகமா என்று கேட்கிறீர்களா? அந்தக் கேள்வியைக் கேட்க அன்றைக்கு அங்கே யாரும் இல்லை.

ஆனால், கம்பெனிக்காரர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்தது. கிழக்குத் தீவுகளில் மதிப்பு ஐரோப்பியச் சரக்குக்கு இல்லை, சோழமண்டலக் கரையில் நெய்த துணிக்குத்தான்! நம் நெசவாளர்கள் நெய்து, சாயம் ஏற்றிய துணியைக் கொடுத்தால்தான் அங்கே வாசனைச் சரக்கு கைக்கு வரும். 1612-ல் ஹெண்ட்ரிக் ப்ரௌவர் என்ற டச்சு அதிகாரி, சோழமண்டலக் கரையை மலுக்குத் தீவுகளின் இடது கை என்றே வர்ணித்தார். 1613-ல் சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக் கோட்டை எழுந்தது. பழவேற்காட்டு ஏரியில் படகு விடுகிறவர்கள் இன்றைக்கும் டச்சுக் கல்லறைகளைக் காட்டுவார்கள். அந்தக் கோட்டை அங்கே வந்ததற்குப் பின்னால் பாண்டாவின் வாசனையும் இருந்தது.

1609-ல் நெய்ரா தீவில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். கொதித்துப்போன பாண்டா மக்கள், பேச்சுவார்த்தைக்கு வந்த அட்மிரல் வெர்ஹூஃபெனையும் அவரோடு வந்தவர்களையும் மடக்கிக் கொன்றார்கள். அந்தக் கப்பல் படையில் ஒரு இளம் வியாபாரி இருந்தான். பெயர் யான் பீட்டர்ஸூன் கோயன். ஹாலந்தில் ஹோர்ன் என்ற ஊர்க்காரன். அந்தப் பையன் மனசில் வஞ்சம் ஏறியது. கணக்கு வழக்கில் புலி. மடமடவென்று பதவியில் ஏறினான். சில வருடங்களில் கம்பெனியின் கவர்னர் ஜெனரல்! 1619-ல் ஜகார்த்தாவைக் கொளுத்தி, அதன்மேல் ‘பத்தாவியா’ என்ற டச்சு நகரத்தை எழுப்பியது இவர்தான்.

இதற்கிடையில் இங்கிலீஷ்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் மூக்கை நுழைத்தார்கள். 1616 டிசம்பரில் நதானியல் கோர்ட்ஹோப் என்ற கேப்டன் இரண்டு கப்பல்களோடு ரன் என்ற தீவில் வந்து இறங்கினார். மூன்று கிலோமீட்டர் நீளம்கூட முழுசாக இல்லாத தீவு. அதை வைத்துக்கொண்டு, டச்சு முற்றுகைக்கு நடுவே கிட்டத்தட்ட நான்கு வருடம் தாக்குப்பிடித்தார். 1620 அக்டோபரில் படகில் போகும்போது டச்சுக்காரர்களிடம் சிக்கி உயிரைவிட்டார்.

இனி தடுக்க ஆளில்லை. 1621 பிப்ரவரி கடைசியில் கோயன் பாண்டாவுக்கு வந்தார். பதிமூன்று பெரிய கப்பல்கள், 1,600-க்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள், கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வாள் வீரர்கள்! மார்ச்சில் பெரிய தீவான லொந்தோர் விழுந்தது. ஓராங் காயாக்கள் சமாதானத்துக்கு வந்தார்கள். ஆயுதங்களை ஒப்படைத்தார்கள், கோட்டை மதில்களை இடித்தார்கள்.

அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஏப்ரல் மாதம் ஒரு ராத்திரி. செலாமோன் என்ற கிராமத்தில், மசூதியைப் பிடுங்கிக்கொண்டு டச்சு அதிகாரிகள் தங்கியிருந்தார்கள். மேலே தொங்கிய விளக்கு ஒன்று திடீரென்று கீழே விழுந்தது. அவ்வளவுதான்! ‘தாக்குதலுக்கு சிக்னல் கொடுத்துவிட்டார்கள்’ என்று மிரண்டுபோய் இருட்டில் சுட ஆரம்பித்தார்கள். அது சதி என்றே முடிவு கட்டப்பட்டது. ஊர்ப் பெரியவர்களைப் பிடித்து, சித்ரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். 1621, மே 8-ம் தேதி, நசாவ் கோட்டைக்கு வெளியே மூங்கில் பட்டிக்குள் நாற்பத்து நான்கு பேரை ஆடுகளை அடைப்பது மாதிரி அடைத்தார்கள். ஜப்பானிய வீரர்களின் வாள்கள் வேலையை முடித்தன.

மிச்சம் பேர் மலைமேல் ஓடினார்கள். டச்சுக்காரர்கள் அடிவாரத்தை வளைத்துக்கொண்டார்கள். மேலே பசி, நோய். பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று பாறை உச்சியிலிருந்து குதித்தவர்களும் உண்டு. சுமார் எண்ணூறு பேரைக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். படையெடுப்புக்கு முன்பு பாண்டாவில் சுமார் 15,000 பேர் இருந்திருக்கலாம் என்பது வரலாற்று ஆசிரியர்களின் மதிப்பீடு. எல்லாம் ஓய்ந்தபோது தீவுகளில் எஞ்சியவர்கள் ஆயிரத்துச் சொச்சம்.

ஆம்ஸ்டர்டாமில் இருந்த கம்பெனி முதலாளிகள் என்ன சொன்னார்கள்? ‘இன்னும் கொஞ்சம் மிதமாக நடந்திருக்கலாம்’ என்கிற மாதிரி லேசாக முகம் சுளித்தார்கள். அப்புறம் கோயனுக்கு சன்மானமும் கொடுத்தார்கள்!

ஜனங்கள் போய்விட்டார்கள், மரங்கள் இருக்கின்றன. யார் காய் பறிப்பது? கம்பெனி தீவுகளை 68 துண்டுகளாக வெட்டியது. ஒவ்வொரு துண்டுக்கும் ‘பெர்க்’ என்று பெயர். டச்சுக் குத்தகைக்காரர்களிடம் அவை ஒப்படைக்கப்பட்டன. வேலைக்கு அடிமைகள். எஞ்சிய பாண்டா மக்களில் சில நூறு பேரைத் தோட்டங்களில் நிறுத்திக்கொண்டார்கள். எதற்கு? ஜாதிக்காய் மரத்தை வளர்க்கிற நுணுக்கம் அவர்களுக்குத்தானே தெரியும்! தங்கள் சொந்த மரத்தை வளர்க்க, புதிதாக வந்த எஜமானுக்குப் பாடம் நடத்தவேண்டிய நிலைமை.

இந்த இடத்தில் நம் கரை மறுபடியும் வருகிறது. கம்பெனியின் கிழக்குக் குடியேற்றங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1620-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள், பஞ்சமும் போரும் வரும்போதெல்லாம் சோழமண்டலக் கரையில் அடிமைக் கப்பல்கள் வந்து நின்றன. ஒருவேளைச் சோற்றுக்கு வழியில்லாதவர்களை அற்ப விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கில் ஏற்றிப் போனார்கள். துணியும் ஏறியது, ஆளும் ஏறினார்கள். பதிலுக்கு இறங்கியது ஜாதிக்காயும் பத்திரியும்! டச்சு ஆட்சியில் இருந்த அந்தத் தீவுகளில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1860-ல்தான்.

இப்போது இன்னொரு வேடிக்கை. ‘ரன் தீவைக் கொடுத்துவிட்டு நியூயார்க்கை வாங்கினார்கள் இங்கிலீஷ்காரர்கள்’ என்று நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். பாதி நிஜம். 1664-ல் இங்கிலீஷ்காரர்கள் வட அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாமைப் பிடித்து, நியூயார்க் என்று பெயர் மாற்றினார்கள். ரன் தீவு டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1667-ல் பிரெடா நகரத்தில் சமாதான ஒப்பந்தம். ‘யார் கையில் எது இருக்கிறதோ அது அவருக்கே’ என்று பேசி முடித்தார்கள். அதாவது, தட்டு மாற்றிக்கொள்ளவில்லை. அவரவர் பிடித்ததை அவரவர் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும், மன்ஹாட்டன் போனதற்காக டச்சுக்காரர்கள் அன்றைக்குப் பெரிதாக அழவில்லை. உலகத்தின் ஜாதிபத்திரி மொத்தமும் தங்கள் பையில் இருக்கிறதே என்ற தெம்பு!

அந்தத் தெம்பைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்தார்கள் தெரியுமா? எங்கேயும் முளைக்கக்கூடாது என்று ஜாதிக்காயைச் சுண்ணாம்பு நீரில் முக்கி எடுத்துத்தான் ஏற்றுமதி செய்தார்கள். ரன் தீவில் இருந்த மரங்களை வெட்டித் தள்ளினார்கள். பக்கத்துத் தீவுகளில் மரம் தென்பட்டால் பிடுங்கி எறிய ஆட்களை அனுப்பினார்கள். எல்லாம் சரி... நம்ம புறாவை என்ன செய்வது? அது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லையே! பழத்தை விழுங்கியது, பறந்தது, போகிற இடத்தில் கொட்டையைப் போட்டது. கம்பெனி பிடுங்கப் பிடுங்க, புறா நட்டுக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு குட்டிக் கதையும் சொல்வார்கள். ஐரோப்பாவில் உட்கார்ந்திருந்த ஒரு அதிகாரி, ‘ஜாதிபத்திரி நல்ல விலைக்குப் போகிறது, ஜாதிக்காய் தேங்குகிறது. ஆகவே, ஜாதிக்காய் மரங்களை வெட்டிவிட்டு ஜாதிபத்திரி மரங்களை நடவும்’ என்று உத்தரவு போட்டாராம்! நடந்ததோ, நையாண்டிக்குக் கட்டிவிட்டதோ... மரத்தை ஒருநாளும் பார்க்காதவர்கள் மரத்துக்குச் சட்டம் போட்டார்கள் என்பது மட்டும் உண்மை.

அப்புறம் மனிதர்களும் புறா வேலை பார்க்க ஆரம்பித்தார்கள். பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் விடாப்பிடியாக முயன்று, 1770 வாக்கில் நாற்றுகளை மொரீஷியஸுக்குக் கடத்தவைத்தார். பின்பு 1796-லும் 1810-லும் பிரிட்டிஷார் பாண்டாவைப் பிடித்தார்கள். திருப்பிக் கொடுப்பதற்குள் ஆயிரக்கணக்கான நாற்றுகளைப் பினாங்குக்கும் இலங்கைக்கும் மற்ற காலனிகளுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். 1843-ல் கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடாவுக்கும் போனது. அந்த நாட்டின் கொடியிலேயே இன்றைக்கு ஜாதிக்காய் இருக்கிறது! நம் பக்கமும் வந்து வேரூன்றிவிட்டது. கேரளாவின் வீட்டுத் தோட்டங்களில், நீலகிரிச் சரிவில் பர்லியாறில், பொள்ளாச்சி - ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஊடுபயிராக... ஊட்டி போகிற வழியில் பர்லியாறில் பஸ் நின்றால், சிவப்பு மாறாத பத்திரியைக்கூட நீங்கள் பார்த்திருக்கலாம்.

இத்தனை ரத்தம் சிந்திக் காத்த ஏகபோகம், சில கூடை நாற்றுகளில் கரைந்துபோனது. விலை சரிந்தது. அரசர்களின் பண்டம் நம்ம மளிகைக் கடை பாக்கெட்டுக்கு வந்து சேர்ந்தது. பாண்டாவை உலகம் மறந்தே போனது. ரொம்பவும் மறந்துபோன இடம் என்பதால்தானோ என்னவோ, 1936-ல் இந்தோனேசிய விடுதலைப் போராட்டத் தலைவர்களான ஹத்தாவையும் ஷாரிரையும் டச்சு அரசு அங்கேதான் நாடு கடத்தி வைத்தது.

கோயனுக்கு அவர் பிறந்த ஹோர்ன் நகரில் 1893-ல் சிலை வைத்தார்கள். 2011-ல் ஒரு கிரேன் தவறுதலாக இடித்துச் சிலை கீழே விழுந்தது. ‘விழுந்தது விழுந்ததாகவே இருக்கட்டுமே’ என்று அந்த ஊரிலேயே ஒரு பிரிவினர் குரல் எழுப்பினார்கள். கடைசியில் சிலை மறுபடியும் மேடை ஏறியது. ஆனால், அவர் பாண்டாவில் செய்ததையும் சொல்லும்படி கல்வெட்டு வாசகத்தை மாற்றினார்கள். நெய்ராவிலோ அந்த நாற்பத்து நான்கு பேரின் நினைவாக ஒரு சின்ன நினைவிடம் இருக்கிறது. சிலை எல்லாம் இல்லை.

அப்படியானால் பாண்டா மக்கள் அவ்வளவுதானா? இல்லை. 1621-ல் தப்பித்தவர்களில் சிலர் படகேறிக் கிழக்கே கெய் தீவுகளுக்குப் போனார்கள். அங்கே ‘பாண்டா எலி’, ‘பாண்டா எலாட்’ என்று ஊர்களை அமைத்துக்கொண்டார்கள். இன்றைக்குப் பாண்டா தீவுகளில் பழைய பாண்டா மொழியைப் பேசுவோர் கிடையாது. அந்த மொழி உயிரோடு இருப்பது கெய் தீவுகளின் இந்த இரண்டு ஊர்களில்தான். நானூறு வருடங்களாக, கடல் தாண்டி, விட்டுவந்த ஊரின் பெயரைத் தன் ஊருக்கு வைத்துக்கொண்டு, அந்த மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

அடுத்த தடவை பிரியாணி சாமானைப் பிரிக்கும்போது அந்தச் செம்மஞ்சள் துண்டைக் கொஞ்சம் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். முகர்ந்து பாருங்கள். அப்புறம் வழக்கம்போல நெய்யில் போட்டுத் தாளியுங்கள். பிரியாணி நன்றாகவே இருக்கும். சாப்பிடும்போது பிள்ளைகள் ‘இது என்ன?’ என்று எடுத்து ஓரமாக வைத்தால், பாண்டாவின் கதையையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.